கோடு போட்ட அறை

செங்கம் ரோட்டில் நான் மாடியறையில் குடியிருந்த வீட்டின் ஓனரம்மா, கீழே நான்கு அறைகளை, அண்ணாமலையைத் தேடி வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். வாசலில் அறை விவரம் எழுதிய ஒரு கரும்பலகை. ஓர் அறை நிரம்பினால் அதன் எழுத்தின் மேல் ஒரு கோடு இழுப்பார், அழிக்கவே மாட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கும் வெப்சைட் ஆசை வந்தது. செய்துகொடுத்த பாவி நான்தான்.

அறை விவரங்களை அவரே வேர்டில் அடித்து, சிவப்பு பச்சையெல்லாம் பூசி, கொண்டுவந்து ஒட்டுவார். டேட்டாபேஸைத் திறந்தால் ஒரு வரி விஷயத்துக்கு, நிறத்துக்கும் அலங்காரத்துக்குமாக முழ நீளம் எச்.டி.எம்.எல். குறிகள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். பக்கமும் சந்தைக்கடை மாதிரி ஆனபோது அவரே சொன்னார்: "கசகசன்னு கெடக்குது தம்பி. பளிச்சுனு பண்ணிக் குடு."

குறி என்று கண்டதையெல்லாம் தூக்கிவிட்டு எழுத்தை மட்டும் விட்டுவைக்கும்படி ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். அப்படி ஒரு சுத்தம். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

வரும் ஈமெயிலுக்கு இங்கிலீஷில் பதில் போடுவதும் என் வேலைதான். பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாம் அறை மாதம் முழுக்கக் காலி. ஒரு ஜெர்மன்காரப் பெண்மணிக்கு, தாராளமாக வாருங்கள் என்று எழுதினேன்.

அவர் வந்து இறங்கிய காலையில், பின்னாலேயே இன்னொரு ஆட்டோ. ஓனரம்மாவின் மகள், பிரசவத்துக்கு. இடுப்பில் கைவைத்தபடி, மூச்சு வாங்க நின்றது அந்தப் பெண்.

"மூணாம் ரூம் எம் பொண்ணுக்குனு கோடு போட்டு வெச்சிருந்தனே தம்பி?"

கரும்பலகையில் கோடு இருந்தது. கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறார், அதற்கென்று இருக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து. அந்தக் கோடும் ஒரு குறிதானே? என் நிரல் குப்பையோடு குப்பையாக அதையும் வாரிவிட்டது. மற்ற மூன்றிலும் ஆள் இருந்தது.

ஓனரம்மா கத்தவில்லை. மகளைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார்.

"நெறமாசக்காரி மாடி ஏற முடியாது. அந்தம்மா மலையே ஏற வந்திருக்காங்க, ஏறிடுவாங்க. நீ எறங்கிடு தம்பி."

பெட்டியைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிக்கு மாடிக்காற்று பிடித்துப்போனதாம். ஓனரம்மாவுக்கு அந்த வாடகை பிடித்துப்போனது.

அந்த வாரமே, மாடியறையையும் வெப்சைட்டில் சேர்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். சேர்த்தேன். அதன் மேல் கோடும் நானே போட்டேன்.