பச்சை ஸ்மூத்தியும் திரும்பி வந்த மூன்று மிக்ஸிகளும்

மிக்ஸி விற்பவருக்கு ஒரு வாய் போதும். அதை வாங்கியவர் வீட்டுக்கே போய் ஓட்டிக் காட்டுபவருக்கு எதையும் தாங்கும் இரண்டு காது வேண்டும். டெமோ வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது ஊட்டச்சத்தியல், கிடைத்தது விருதுநகரில் ஒரு மிக்ஸிக் கடை. பசலைக்கீரை, வெள்ளரிக்காய், வாழைப்பழம், நெல்லிக்காய் போட்டுப் பச்சை ஸ்மூத்தி அடித்துக் காட்ட வேண்டும். முதலாளி அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: "ஒரே மாசத்துல மூணு மிக்ஸி திரும்பி வந்துச்சுன்னா, நீ வேற இடம் பாத்துக்கிடணும்." மூன்றும் வந்தன. ஒன்றில்கூடப் பழுது இல்லை.

பெட்டியில் இருந்த பச்சை

சிவகாசியில் ஓர் அச்சக ஊழியர் வீடு. தம்ளரில் ஊற்றிக் கொடுத்ததை அவர் குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், மிக்ஸிப் பெட்டியில் அச்சாகியிருந்த ஸ்மூத்திப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மஞ்சள் கூடிருச்சு" என்றார். வாழைப்பழத்தைக் குறைத்து மறுபடி அடித்தேன். "இப்ப கருப்பு ஏறிருச்சு." மூன்றாம் முறைக்குக் கீரை இல்லை. சத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

மறுநாள் மிக்ஸி கடைக்கு வந்துவிட்டது. "சாம்பிளுக்கு மேட்ச் ஆகலைன்னா எங்க பிரஸ்ல லோடையே திருப்பி அனுப்பிருவாக. நான் ஒரு மிக்ஸியத்தான அனுப்புறேன்."

மூடி

ஆமத்தூரில் ஓர் அக்கா வாங்கினார். கணவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். மூடியை அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள் என்றேன். கணவர் என் கையை விலக்கி மூடியைக் கழற்றி வைத்தார். அக்காவை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார். எட்ட நின்று, கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

காலண்டர், சாமி படம், என்னிடம் இருந்த ஒரே நல்ல சுடிதார், எல்லாம் பச்சை. குற்றம் மிக்ஸி மேலாம். அன்று மாலையே திருப்பிவிட்டார். இது கீரை, வெடிக்காது என்று நான் சொன்னதற்கு அவர் பதில்: "எதையும் மூடி வச்சு உரசக் கூடாதும்மா. படிச்ச புள்ள, உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

தொட்டுக்கொள்ள

சூலக்கரையில் ஒரு வீட்டில், இதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே எண்ணெய் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து, பிய்த்துப் போட்டு, ஸ்மூத்தியை அதன்மேல் ஊற்றினார். மூன்றாவதாக இதுவும் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் தடுக்கவில்லை. அவர் ஒரு வாய் தின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒண்ணுதான் பத்தல."

ஓர் ஆமாம்

சூலக்கரை மிக்ஸி திரும்பி வரவில்லை. மாதம் முடிய இன்னும் இரண்டு நாள். வெடிக்குழாயில் மருந்து அடைக்கும் வேலை பார்க்கும் ஓர் அக்கா, முந்தின நாள் வாங்கிய மிக்ஸியோடு கடைக்கு வந்தார். பெட்டியைப் பிரிக்கும் முன் ஒன்று கேட்க வேண்டுமாம். பேச்சுக்கு நடுவே இருமல் வந்துகொண்டே இருந்தது. "இந்தப் பச்சைத் தண்ணியக் குடிச்சா நெஞ்சுல அடைஞ்ச மருந்துத் தூசியெல்லாம் வெளிய வந்துரும்னு அண்ணாச்சி சொன்னாரு. நெசமா?"

அண்ணாச்சி கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார். நான் தலையாட்டினால் போதும். என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து, இப்படி இருமிக்கொண்டுதான் என்னைப் படிக்க வைத்தார். இருமுகிறவரிடம் அண்ணாச்சி இப்படிச் சொல்லி விற்றிருக்கிறாரே என்ற கோபத்தில் சொல்லிவிட்டேன். "வராதுக்கா. கீரை உடம்புக்கு நல்லது, அம்புட்டுத்தான். இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அக்கா பெட்டியை மேசைமேல் தள்ளினார். அண்ணாச்சி மூன்று விரலைக் காட்டினார். அக்கா போகும்போது அவரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிரும்? நானும் நிம்மதியாக் குடிச்சிருப்பேன்ல."

இப்போது வேறு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்ற கட்டத்தில், கீரையைப் பற்றி உள்ளதை மட்டும் சொன்னதால் என்று எழுதினால் யாராவது வேலை தருவார்களா, தெரியவில்லை.