தம்பி சொல்லியனுப்பியது

துபாயில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் என் அறையில் இரண்டு திபெத்தியர்கள் இருந்தார்கள், அண்ணனும் தம்பியும். கர்நாடகத்து அகதி முகாமில் பிறந்து, குளிர்காலம்தோறும் மதுரை நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர்கள். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்கள். ஆனால் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். சீனாவுக்குள் தன்னாட்சி கிடைத்தால் போதும் என்பது அண்ணன் கட்சி. தனிநாடு, அல்லது ஒன்றும் வேண்டாம் என்பது தம்பி கட்சி. சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் நான்.

"அண்ணே, அவன்கிட்ட அந்த உப்பை வாங்குங்க."

"எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

யாழ்ப்பாணத்தானான எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஆட்களும் இப்படித்தான் பிரிந்து நின்று ஒருவரையொருவர் தின்றார்கள். என் அண்ணனை ஆர்மியிடம் காட்டிக்கொடுத்தவன் வேறு இயக்கத்துக்காரன், எங்கள் ஒழுங்கையிலேயே, அதே சந்துக்குள் வளர்ந்தவன். அவனை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

லாசாவில் கலவரம் வெடித்த வருடம், சைட்டைப் பார்க்கச் சீன முதலாளிகள் வருவதாகச் சொன்னார்கள். தம்பி தங்கள் கொடியை வேலைச் சட்டையின் உள்பக்கம் தைத்து வைத்தான். அவர்கள் முன்னால் திறந்து காட்டுவதாகத் திட்டம். அண்ணன் போய் ஃபோர்மனிடம் சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் தம்பியை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்.

"போலீஸ் பிடிச்சா ஜெயிலுண்ணே. அதான் சொன்னேன்" என்று அண்ணன் அழுதான்.

அவன் முகத்தில் எனக்கு எங்கள் ஒழுங்கைக்காரன்தான் தெரிந்தான். இவனாவது கையில் அகப்பட்டானே என்றிருந்தது.

சில மாதம் கழித்துத் தம்பி என் போனுக்குக் கூப்பிட்டான். அண்ணனோடு நேரே பேச அப்போதும் ரோஷம். "கோபமெல்லாம் போச்சுன்னு சொல்லுங்கண்ணே. வர்ற எங்க புத்தாண்டை இந்தத் தடவை யாரும் கொண்டாடப் போறதில்ல, லாசாவுல செத்தவங்களுக்காகத் துக்கம். அம்மாவும் இல்லாத வீட்ல நான் மட்டும் இருக்கேன். சும்மா கூட உட்காரவாவது லீவு போட்டு வரச் சொல்லுங்க."

"சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் கேட்பான்: "தம்பி ஏதாச்சும் சொன்னானாண்ணே?"

"மாஃபி, ஒண்டுமில்லை. உன்ர கதையை எடுத்தாலே போனை வைக்கிறான்."

அவன் முகம் சுருங்கச் சுருங்க எனக்கு வயிறு நிறைந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, ருசித்தேன். புத்தாண்டு வந்து போனது. இனி ஊரில் தனக்கு யார் என்று சொல்லி, அவன் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

நான் கேம்பை விட்டுக் கிளம்பிய அன்று வெள்ளைத் துணியொன்றைக் கொண்டுவந்தான். மரியாதைக்குரியவர்களுக்குப் போடுவது அவர்கள் வழக்கம். நான் குனிந்தேன். கழுத்தில் போட்டுவிட்டுச் சொன்னான்:

"நீங்க இல்லாட்டி அவன் மனசுல என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே."