மதாமின் நான்கு குடும்பப்பெயர்கள்

இன்று பாரிஸின் லாசப்பலில் உள்ள என் பிரிண்ட் கடைக்கு ஒரு பிரெஞ்சு மதாம் வந்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

முன்பு விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். அப்பாவின் பெயர்தான் எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று எத்தனை தடவை சொல்லியும், "அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்றா? யாரோ பொய் சொல்கிறீர்கள்" என்று என் கோப்பைத் திருப்பித் தள்ளியவர்.

இப்போது ஓய்வாம். கனடா போன தன் மூதாதையரைத் தேடுகிறாராம். கியூபெக் தேவாலயங்களில் அவர்கள் பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருக்கிறது.

"பாதிரிமார் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். ஆனால் எல்லாம் ஒரே குடும்பம்தான்!" என்று பூரித்தார்.

அச்சடித்த வம்சவரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு குடும்பத்துக்கு நான்கு பெயரா, மதாம்? யாரோ பொய் சொல்கிறீர்கள்."

மதாமின் முகம் சிவந்துவிட்டது. என்னை அவருக்கு நினைவில்லை. வசனம் நினைவிருந்தது.

கடையில் வேலை செய்யும் சுதா என் காதுக்குள், "ஏன் அண்ணை மனிசியோட கொழுவுறியள்? காசை வாங்கிக்கொண்டு விடுங்கோவன்" என்றாள்.

"பொறு பிள்ளை, இன்னும் ரசீது இருக்கு."

மதாமிடம் திரும்பினேன். "ரசீதை எந்தப் பெயருக்குப் போடட்டும்? அத்தாட்சி கொண்டுவந்தீர்களா?"

படத்தை லாமினேட் செய்ய விட்டுப் போயிருக்கிறார். நாளை எடுக்க வருவார்.

எவ்வளவு நேரம் நிற்க வைக்கலாம்? அந்த விசா வரிசையில் நின்றவர்கள் சொல்லுங்கோ.