பிழை திருத்திய லிஃப்ட்

கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் இரண்டு லிஃப்ட். பெரியது வீட்டுக்காரர்களுக்கு. குப்பைத் தொட்டி, கேஸ் சிலிண்டர், சமையல் செய்கிறவர்கள், தரை துடைக்கிறவர்கள் எல்லாம் சிறியதில். அதன் தலைமேல் ஓர் ஆங்கிலப் பலகை: 'செபரேட் லிஃப்ட் ஃபார் சர்வன்ட்ஸ்.'

முதல் சொல்லிலேயே பிழை. 'பி'க்கு அடுத்து 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' போட்டிருந்தார்கள். நான்காவது மாடி வைதேகி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மானம் போகிறது என்று பலரும் கொதித்தார்கள். அகராதிப் பக்கங்கள் வந்து விழுந்தன. அந்தச் சொல்லே போதுமா, 'எக்ஸ்க்ளூசிவ்' இன்னும் பொருத்தமா என்று நாள் முழுக்க வாதம். எப்படி எழுதுவது என்று கேட்டவர்களில் ஒருவர்கூட எதற்கு எழுதுகிறோம் என்று கேட்கவில்லை. சிறிய லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை என்பதும் அங்கே யாருக்கும் செய்தியல்ல.

அது பொன்மணிக்குத்தான் செய்தி. ஆறாவது மாடி ஷண்முகப்ரியா வீட்டில் அவர் சமையல் செய்கிறார். முன்பு பக்கத்திலேயே ஓடும் அடையாற்றின் கரையில் குடியிருந்தார். வேலைக்கு நடந்தே வந்துவிடுவார். குடிசையைப் பிரித்துப் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை புதுப் பலகை வந்தது. பளபளக்கும் பித்தளை. சங்கச் செயலாளர் விஜயராகவன் பக்கத்தில் நின்று மாட்ட வைத்தார். வைதேகி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். அப்போது வந்த பொன்மணி படிக்கட்டைப் பார்த்தார். பெரிய லிஃப்ட் திறந்தது. உள்ளே போய் ஆறாம் எண்ணை அமுக்கினார்.

“யக்கா, இன்னா பண்றே? சார் கீறாரு!” என்று வாட்ச்மேன் பாலு பதறினார்.

விஜயராகவன் பாய்ந்து வந்து கதவிடுக்கில் காலை வைத்தார். “இறங்கும்மா. ரூல்ஸ் தெரியாதா?”

“முட்டி போயிட்சி சார். அந்த லிஃப்டு ஓட்னா அதுல போறேன்.”

“ஸ்பேர் பார்ட் கிடைக்கலை. படி இருக்கே?”

“கீது. நீ முன்னால ஏறு சார், நான் பின்னாலயே வரேன்.”

பாலு சிரிப்பை இருமலாக்கினார்.

“இன்னியோட இந்த பில்டிங்ல உனக்கு வேலை கிடையாது. தெரிஞ்சுக்கோ!” என்று பொன்மணியைப் பார்த்துக் கத்தினார் விஜயராகவன்.

பொன்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு வேலையால்தான். ஆனால் இறங்கவில்லை. மூட முடியாத கதவு விடாமல் கத்தியது. மேல்மாடிகளில் ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் கதவைத் தட்டினார்கள்: “யாருய்யா லிஃப்டைப் புடிச்சு வச்சிருக்கிறது?”

“நீங்களாவது சொல்லுங்கோ மேடம்” என்றார் விஜயராகவன். வைதேகி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே கூச்சல் அதிகமானது. விஜயராகவன் காலை எடுத்தார்.

ஆறாவது மாடியில் ஷண்முகப்ரியா போனும் கையுமாக வாசலில் நின்றார். “அக்கா, உங்களை நிறுத்தச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு.”

“நின்னுடட்டுமாம்மா?”

ஷண்முகப்ரியா சமையலறைப் பக்கம் திரும்பினார். ஒன்பது மணிக்கு மீட்டிங். குழந்தையின் டிபன் பாக்ஸ் இன்னும் காலி. போனைக் கவிழ்த்து வைத்தார். “உள்ள வாங்க.”

மூன்று வாரமாகக் கிடைக்காத ஸ்பேர் பார்ட் மறுநாளே கிடைத்துவிட்டது. சிறிய லிஃப்ட் ஓடுகிறது. அதன்மேல் பித்தளைப் பலகை, ஒரு பிழையும் இல்லாமல். பொன்மணி தினமும் இரண்டு பொத்தான்களையும் அமுக்குகிறார். எது முதலில் வருகிறதோ, அதில் ஏறுகிறார்.