மாரித் தண்ணீரை எழுதிய ஓவசியர்

கல்குடாவிலிருந்து வந்த லொறிக்காரர்தான் சாவுச் செய்தி சொன்னார். "நாகமணி ஓவசியர் மோசம் போயிட்டாராம். நேத்துப் பின்னேரம்." வரைந்துகொண்டிருந்த கட்டடப் படத்தை அப்படியே விட்டு எழுந்தேன். அலுவலகத்தில் மற்றவர்கள் தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

அவரோடு ஒரே அறையில் படம் வரைந்தவன் நான். வாவிக்கரையில் அரசாங்கக் கட்டடம் எழும்புமுன் கொழும்பு ஆட்கள் வந்து மண்ணைத் துளைத்துப் பார்ப்பார்கள். எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை நாங்கள் அனுப்பும் விவரக்கோவையை வைத்தே முடிவுசெய்வார்கள். அதைத் தயாரிப்பவர் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். என்ன கட்டடம், எவ்வளவு பாரம், நிலம் முன்பு என்னவாக இருந்தது, எல்லாம் விசாரித்து எழுதுவார். பிழை கண்டால் என் படத்தைக் கிழித்தே எறிவார். இனிமையான மனிதர் என்று யாரும் இப்போது பொய் சொல்ல வேண்டாம்.

ஏறாவூர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வாட்டு கட்டத் தீர்மானித்தபோது நல்ல கோடை. நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவர் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினார்: இது தூர்த்த பள்ளம், மாரியில் முகத்துவார மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடும்வரை வாவி இங்கே ஏறி நிற்கும். மேலதிகாரி அந்தப் பக்கத்தை உருவி எடுத்தார். ஆழமாகத் துளைத்தால் வேலை பிந்தும். அவருக்குத் திறப்புவிழா அவசரம்.

"மண் பாக்க வாறவனுக்கு மழைக்கதை எதுக்கு, ஓவசியர்?"

"வருத்தத்த மறைச்சுப்போட்டுப் பரியாரிக்கிட்ட நாடி பாக்கக் கைய நீட்டுறீங்க ஐயா. பிள்ளப் பெத்தவள்கள் படுக்கிற இடம்."

துளைத்தவர்கள் மேல்மண்ணின் உறுதியைப் பார்த்து அரைகுறை ஆழத்தோடு போய்விட்டார்கள். முதல் மாரியிலேயே சுவர் பிளந்தது. பச்சைக் குழந்தைகளோடு பெண்களை மழைக்குள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. விசாரணையில் விவரக்கோவை தயாரித்தவர் யார் என்று மட்டும் கேட்டார்கள். உருவிய பக்கத்தைப் பற்றி நான் சொன்னதை எவரும் எழுதிக்கொள்ளவில்லை. ஓவசியரைக் கல்குடா வீதிக்குக் கல் பரப்ப அனுப்பினார்கள். சந்தையில் அவரைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருமுறை பார்க்கப் போனேன். "என்னப் பாவம் எண்டு சொல்லாத தம்பி. எனக்கு எரியுது" என்றார்.

அடக்கத்துக்கு மேலதிகாரி மலர்வளையத்தோடு வந்திருந்தார். "நல்ல மனிதர், பாவம்" என்றார். எனக்கும் எரிந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தை மட்டும்தான். அவரை அறிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தையின் தாய் ஏறாவூரில்தான் இருக்கிறாள். யாராவது போய் அவளிடம் சொல்லுங்கள்: அந்த மனிதர் எழுதித்தான் கொடுத்தார்.