நாஸிர் நானாவின் கடைசித் தூக்கு

கண்டியில் மகளைச் சேர்த்திருக்கும் ஜிம்மில் இரும்புத் தட்டொன்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் ஊர் பிலிமத்தலாவை ஞாபகம் வந்துவிட்டது. கடைகளுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில்தான் அப்பாவின் பளுதூக்கும் கழகம். ஒற்றைக் கையாலும் தூக்குவார்கள். வியர்வையும் தைலமும் கலந்து மணக்கும்.

ஒரு வருடம் நடந்த போட்டியில் அப்பா முன்னால் இருந்தார். அவரோடு மோதிய, அலவத்துகொட ஊரிலிருந்து வந்த நாஸிர் நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்) கடைசித் தூக்கு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவருடைய இடுப்பு பெல்ட் அறுந்துபோனது. அப்பா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். நானா தூக்கினார், ஜெயித்தும் விட்டார்.

"கைக்கு வந்த கப்ப ஏங்க விட்டுக்குடுத்தீங்க?" என்று அம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டார்.

"அவரு இடுப்பொடிஞ்சு படுத்துட்டா நான் யாரோட போட்டி போடுறது?" என்றார் அப்பா.

மறுநாள் காலை நாஸிர் நானா அந்த வெற்றிக் கிண்ணம் நிறைய, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தோடு வந்தார். முதல் கரண்டியை அம்மாதான் எடுத்துச் சாப்பிட்டார்.