மொட்டைத் தலைக்கும் மனித உரிமைக்கும்

நட்சத்திர ஓட்டலில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பவர்களுக்குக் கருத்தும் வேண்டாம், கேட்பும் வேண்டாம். குழுப் படம் ஒன்று போதும். பெங்களூரில் இத்தனை வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய்ப் போய் நான் கற்றது அதுதான்.

அன்று செயற்கை நுண்ணறிவுக்கான அரசு விதிமுறை வரைவைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். எங்களுடையது மனித உரிமைகளுக்காக மனு எழுதி அலையும் சின்ன அமைப்பு. எங்கள் கோரிக்கை எளிமையானது. ஒருவருடைய பிழைப்பை இயந்திரம் நிறுத்தினால், அவர் சொல்வதைக் கேட்க ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

மர்பி டவுனில் வசிக்கும் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரை உடன் அழைத்துப் போயிருந்தேன். மகளுக்கு உடம்பு தேறியதும் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தவர். மறுநாள் வேலை தொடங்கும்போது டாக்ஸி நிறுவனத்தின் செயலி, அவர் முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. முகம் பொருந்தவில்லை என்றது. மறுபடி மறுபடி எடுத்தார். ஆள்மாறாட்டம் என்று கணக்கையே முடக்கிவிட்டது. போன் செய்தால் பதிவு செய்த குரல். அலுவலகத்துக்கு நேரில் போனால் வாசலிலேயே செக்யூரிட்டி திருப்பி அனுப்பினான்.

மைக் கைக்கு வந்ததும் அவர் எழுந்து நின்றார். "சார், நான் நான்தான்னு பாத்து சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான். எங்க தெரு நாய்க்கே என்னை அடையாளம் தெரியுது சார்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

ஏதோ ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த இளைஞர், கோயம்புத்தூர்க்காரராம், கரிசனமாக யோசனை சொன்னார். "முடி வளந்ததுக்கப்புறம் ட்ரை பண்ணியிருக்கலாமே அண்ணா?"

"அதுவரைக்கும் சோறு யாரு தம்பி போடுவாங்க?"

தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற அதிகாரி. தலைமுறைகளாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "என்னம்மா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்க? இதுக்கும் ஹ்யூமன் ரைட்ஸுக்கும் என்ன கனெக்ஷன்?"

"முழங்காலுக்கு இல்ல சார், வயித்துக்குப் போடறேன்" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு இடைவேளை வந்துவிட்டது. வரிசையில் தட்டோடு நின்ற ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார்: "சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டாங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

சில மாதங்கள் கழித்து இறுதி வரைவு வந்தது. 'சாத்தியமான இடங்களில் மனித மேற்பார்வை விரும்பத்தக்கது.' விரும்பத்தக்கதாம்! சாம்பாரில் பெருங்காயம் விரும்பத்தக்கது. ஒருவன் வேலையைப் பறித்தவர்கள் அவனுக்குப் பதில் சொல்வதும் அந்த ரகமா? அதைவிடக் கேவலம், ஆலோசனை வழங்கியவர்கள் என்று எங்கள் அமைப்புக்கு நன்றி வேறு. எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினோம். அதற்கு மட்டும் மின்னல் வேகம். பெயரை எடுத்தார்கள்; பின்னிணைப்பில் இருந்த எங்கள் ஆட்சேபங்களையும் கூடவே எடுத்துவிட்டார்கள்.

ஓட்டுநரின் கணக்கு திறக்கவே இல்லை. இப்போது அத்திபெலேயில் ஒரு காய்கறி வியாபாரிக்கு டெம்போ ஓட்டுகிறார். அவரைப் போலவே முடக்கப்பட்ட வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிவு செய்தோம். மனுவில் முதலில் கையெழுத்துப் போட வந்தவர் அவர்தான்.

பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "இதையாவது மனுஷங்க படிப்பாங்களா மேடம்?"

"படிக்க வைப்போம்ணா" என்றேன்.